தை வரை காத்திருந்தால் கொழும்பில் கிழங்கு விழாது

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வீட்டுத்தோட்டப் பகுதியில் உருளைக்கிழங்கு பற்றி வந்த குறிப்பை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சந்தோஷமாக. கொழும்புக்காரருக்கும் உருளைக்கிழங்கு வைக்கலாம் என்று ஒரு பத்திரிகை எழுதியதே பெரிய காரியம். இரண்டாம் தரம் கையில் பேனையோடு வாசித்தேன். முப்பத்தொரு வருஷம் படிப்பித்த பழக்கம் விடாது. மாரி மழை முற்றாக ஓய்ந்து தை பிறந்த பிறகு நடுவது நல்லது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டேன். அதே புத்திமதியை எனக்கு நானே சொல்லி ஒரு வருஷத்தைத் தொலைத்தவள் நான். இப்போது புரட்டாதி. இந்தக் கடிதம் ஐப்பசிக்குள் அச்சேறினால், இந்த முறையாவது நாலு பேர் தப்புவார்கள்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்து உரும்பிராயில், செம்பாட்டு மண்ணில். 1995 ஐப்பசியில் யுத்தத்தால் ஊரோடு எழும்பி வந்து, அங்கே இங்கே இருந்து, கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் ஒதுங்கினோம். மண் என்று சொல்ல எனக்கு இருப்பது எங்கள் கட்டடத்தின் மேல்தட்டில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், பத்தடிக்கு எட்டடி இடம். அதற்கே நிர்வாகக் குழுவிடம் மூன்று கடிதம் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தக் கதை வேறு.

எங்கள் ஐயா கிழங்குத் தோட்டக்காரர். 1970 தொடங்கி 1977 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு போட்டவன் கல்வீடு கட்டினான் என்று ஊரில் சொல்வார்கள். நாங்கள் கல்வீட்டில் பாதிதான் கட்டினோம், அதுவும் வேறு கதை. விதைக் கிழங்கு வந்து இறங்கினால் வீட்டில் பிள்ளைகளுக்குப் படுக்க இடமில்லை. விறாந்தை முழுக்க மணல் பரவி, அதன்மேல் கிழங்கை ஒற்றை வரியாக அடுக்கி வைப்பார். வெயில் படக்கூடாது, வெளிச்சம் படவேண்டும். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, பிள்ளைப் பெத்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரிப் பதமாகக் குனிந்து பார்ப்பார். கார்த்திகை விளக்கீட்டையொட்டி மழை கொஞ்சம் கை விட்டவுடன் ஊண்டத் தொடங்குவார். "பிள்ளை, மழையைப் பாத்துக்கொண்டு நிண்டியோ, பனி போயிடும். பனி போனால் பேந்து என்னத்தை ஊண்டியும் இலைதான் கறி." எத்தனை தரம் கேட்டிருப்பேன். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி சொல்லும் ஊரில் பனியை இவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

உருளைக்கிழங்கு நுவரெலியாப் பயிர், கொழும்புச் சூட்டுக்கு அது சரிவராது என்பவர்களுக்கு என்னிடம் ஒரேயொரு கேள்விதான். யாழ்ப்பாணம் என்ன மலையா? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. உரும்பிராய்க் கிணற்றில் எட்டிப் பார்த்தால் கடல் மட்டம் தெரியும். அங்கே கிழங்கு விழுகிறதே! காரணம், வருஷத்தில் இரண்டரை மாதம் இரவு குளிர்வதுதான். உருளைச் செடி பகலில் இலையில் சமைத்ததை இரவில் நிலத்துக்குக் கீழே இறக்குகிறது. அதற்கு இரவு குளிர வேண்டும். 15 தொடக்கம் 20 பாகை செல்சியஸ் என்றால் திறம். 22ஐத் தாண்டத் தாண்டச் செடிக்குக் கிழங்கு வைக்கும் எண்ணம் குறைந்து, இலையும் தண்டுமாகக் கொழுக்கும். கொழும்பில் சித்திரை, வைகாசி இரவுகள் 25 பாகையில் நிற்கின்றன. கட்டிலில் எங்களுக்கே நித்திரை இல்லை, கிழங்குக்கு எங்கே? ஆனால் மார்கழிக் கடைசி, தை, மாசி முற்பகுதியில் விடியப்புறம் அது 22ஐ ஒட்டி இறங்கும். மேல்தட்டில் நான் கட்டித் தொங்கவிட்ட வெப்பமானி ஒரு தை மாதத்து விடிய ஐந்து மணிக்கு 20.5 காட்டியது. இங்கே எங்களுக்குக் கிடைக்கிற பனி அவ்வளவுதான். மலைக் குளிரோடு பார்த்தால் இது பிச்சைக்காசு. ஆகவேதான் ஒரு சதத்தையும் வீணாக்கக் கூடாது என்கிறேன்.

இனிக் கணக்குப் போடுவோம். முளைவிட்ட கிழங்கை நட்டால், அது நிலத்துக்குக் கீழே சின்னக் கிழங்கு வைக்கத் தொடங்க ஏறக்குறைய ஐந்து கிழமை. முழுதாக விளைய 85, 90 நாள். உங்கள் குறிப்பின்படி தைப்பொங்கல் முடிந்து நட்டால், கிழங்கு வைக்கத் தொடங்குவது மாசியில். அது பருக்க வேண்டிய நேரம் பங்குனியும் சித்திரையும். கொழும்பில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிற நேரம் அது! கார்த்திகை முதல் கிழமையில் நட்டால் மார்கழி முற்பகுதியில் கிழங்கு வைக்கும், தை முழுக்கப் பருக்கும், மாசி பிறந்த கையோடு கிண்டலாம்.

இந்தக் கணக்கு எனக்கு முதலே தெரிந்திருந்தால் நான் கெட்டிக்காரி. தெரியாது. ஐயா சொன்னது காதில் கிடந்தது, மூளையில் ஏறவில்லை. 2022இல் சாமான் விலை ஏறி, அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்களே, அந்தக் காலத்தில்தான் நானும் உரப்பை தேடத் தொடங்கினேன். அடுத்த தை பிறந்ததும், புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சமைக்க வாங்கிய இறக்குமதிக் கிழங்கில் முளைவிட்டதாக ஏழெட்டைப் பொறுக்கி நட்டேன். செடி என்ன வடிவு! இடுப்பளவு. மேல்தட்டுக்கு உடுப்புக் காயப்போட வந்த சனமெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனது. கீழ்வீட்டு சிங்களப் பெண்மணி போட்டோ பிடித்து லண்டனில் இருக்கும் மகனுக்கு அனுப்பினார். புதுவருஷம் முடிந்து பையைக் கவிழ்த்துப் பார்த்தால், பிள்ளைகள் விளையாடுகிற மாபிள் அளவில் பதினொரு கிழங்கு. ஒன்று மட்டும் நெல்லிக்காய் அளவு.

சரி, பிந்திவிட்டோம், முந்துவோம் என்று அடுத்த முறை ஐப்பசி முதல் கிழமையிலேயே வெட்டி நட்டேன். கொழும்பு ஐப்பசி எப்படி என்று தெரியும்தானே. காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். பத்து நாளில் பைக்குள் கையை விட்டால் வழவழவென்று கஞ்சி மாதிரி வந்தது. அழுகின உருளைக்கிழங்கின் மணத்தை அறியாதவர்கள் பாக்கியசாலிகள். நிர்வாகக் குழுவிடமிருந்து இம்முறை கடிதம் எனக்கு வந்தது.

முந்த வேண்டியது நடுகையை அல்ல, முளையை என்று எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் தொடர்மாடியின் காவலாளி. மலைநாட்டில் வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வயது முப்பது இருக்கும். மூன்றாம் வருஷம் நான் அலுமாரிக்குள் ஒளித்து வைத்து முளைக்கப் போட்டிருந்த கிழங்கை ஒரு நாள் தண்ணீர்த் தாங்கி பார்க்க வந்தவர் கண்டுவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று முளை.

"என்னாங்க டீச்சர் இது, நூடில்ஸ் மாதிரி? இருட்டுல வச்சீங்களா?"

"ஓம், வெயில் படக்கூடாது எண்டுதானே."

"வெயிலு கூடாது, வெளிச்சம் வேணுங்க. இது தொட்டாலே ஒடிஞ்சு போயிருமே. நான் ஊருக்குப் போயிட்டு வர்றப்ப வெதக் கெழங்கு கொண்டாறேன். சிறுபோகத்துல வயல்ல போட்டு ஆவணியில எடுத்தது. இப்பதான் கண்ணு முழிக்கும்."

ஐயாவின் விறாந்தை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. புதிதாகக் கிண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும், என்ன செய்தாலும் முளைக்காது. ஆவணியில் எடுத்தது ஐப்பசியில் விழிக்கிறது. எங்கள் தேவைக்கு அளந்து தைத்த சட்டை போலே. அவர் கொண்டுவந்த மூன்று கிலோவில், கோழிமுட்டை அளவில் இருந்தவற்றைத் தெரிந்து முட்டை அட்டைகளில் கண் நிறைய உள்ள பக்கம் மேலே பார்க்க வைத்தேன். அட்டைகளைக் குசினி யன்னலுக்கு உள்ளே, வடக்குப் பார்த்த பக்கம். நாலு கிழமையில் வந்த முளையைப் பார்க்க வேண்டும். கட்டை விரல் நகமளவு உயரம், கட்டையாக, கரும்பச்சையும் ஊதாவுமாக, அடியில் சின்னச் சின்ன வேர்ப் புள்ளிகளோடு. நகத்தால் தட்டினாலும் அசையாது. அப்படி முளைத்த கிழங்கு நிலத்துக்குள் போகும்போதே ஒரு மாதம் முந்திவிட்டது. பைக்குள் படுத்து அழுக அதற்கு நேரமில்லை. எட்டாம் நாள் வெளியே தலை நீட்டியது.

சின்னக் கிழங்கை முழுசாக நடுங்கள், வெட்டாதீர்கள். பெரிதை வெட்டியே ஆகவேண்டுமென்றால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது விட்டு, வெட்டு வாயில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு நடலாம். வெட்டின கையோடு ஈர மண்ணுக்குள் போட்டதுதான் என்னுடைய இரண்டாம் வருஷத்துக் கஞ்சி.

பை பற்றி உங்கள் குறிப்பு சொன்னது சரி, ஆனால் கறுப்புப் பை வேண்டாம். எங்கள் சீமெந்துத் தட்டு மத்தியானம் தோசைக்கல். கறுப்புப் பைக்குள் கையை வைத்துப் பார்த்தால் சுடும். வெள்ளை உரப்பையைக் கழுவி, வாயை வெளிப்பக்கமாகச் சுருட்டி மூன்றில் ஒரு பங்காக்கி, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, தட்டில் நேரே வைக்காமல் செங்கல் மேல் பலகை போட்டு வைத்தேன். மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும், அதில் உப்பிருக்கும். முதலில் நாலு விரல் உயரத்துக்கு மண், அதன்மேல் பைக்கு இரண்டு கிழங்கு, மேலே நாலு விரல் மண். செடி ஒரு சாண் வளர வளரச் சுருட்டை அவிழ்த்து மண் அணைத்துக்கொண்டே போகலாம். அணைக்காமல் விட்டால் மேலே வந்த கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகும். அந்தப் பச்சை கசக்கும். கசப்பு மட்டுமில்லை, நஞ்சு. பச்சைக் கிழங்கைத் தோலைச் சீவிச் சமாளிக்கிற சிக்கனக்காரர்கள் என் குடும்பத்திலேயே உண்டு. அவர்கள் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

மேலே காய்ந்த தென்னோலையை நறுக்கிப் போட்டால் மண் குளிர்ந்திருக்கும். மண் குளிர்வது எங்களுக்குத் தங்கம். தண்ணீர் விடிய மட்டும். யூரியாக் கரண்டியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அது கூடினால் மறுபடியும் இடுப்பளவு செடியும் மாபிளும்தான். கார்த்திகை மழைக்கு நான் நாலு கம்பு நட்டு மேலே கண்ணாடிப் பொலித்தீன் கட்டினேன், மார்கழி நடுவில் கழற்றிவிட்டேன். மரைன் டிரைவ் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் மேற்குப் பக்கத்து இலைகளின் விளிம்பு கருகியது. பழைய நூல்சேலை ஒன்றை அந்தப் பக்கம் கட்டினேன், நின்றுவிட்டது. மகள் அந்தச் சேலையை இன்னும் மன்னிக்கவில்லை.

மாசி பிறந்து நாலாம் நாள். பத்து நாளாகத் தண்ணீர் நிறுத்தி, இலை மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கிற பேத்தியைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். மண்வெட்டி வேண்டாம், கையால் எடு என்றேன். முதல் பையில் கையை விட்டவள் முகத்தைச் சுளித்தாள், பிறகு சுளிப்பு அப்படியே நின்றது. "அம்மம்மா, உள்ளுக்கை என்னமோ குளிராக் கிடக்கு." வெளியே எடுத்தாள். அவளுடைய உள்ளங்கையை நிரப்பியது. தோல் அவ்வளவு மெல்லிசு. அவள் பெருவிரலால் மண்ணைத் தேய்க்கத் தோலும் சேர்ந்து உரிந்து, உள்ளே வெண்ணெய் நிறம் தெரிந்தது. ஆறு பைக்கும் அவளே கை விட்டாள். குசினித் தராசில் போட்டோம். நட்டது 600 கிராம், எடுத்தது 3 கிலோ 400 கிராம். ஆகப் பெரியது 140 கிராம். காவலாளிப் பிள்ளை வந்து பார்த்து, "எங்க பக்கம் நாலு செடில இது வந்துருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "ஆனா கொழும்புக்கு இது பெருசுங்க" என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கு ஒரு கிலோ. மிச்சத்தில் அன்றிரவே பிட்டுக்குப் பிரட்டல்.

இலாபமா என்று கேட்கிறவர்களுக்கு, இல்லை. மண், எரு, பொலித்தீன் எல்லாம் கூட்டினால் பேலியகொடைச் சந்தையில் இதைவிட மலிவாக வாங்கலாம். ஒரு முறை வாங்கிய பையும் மண்ணும் பல வருஷத்துக்கு வரும் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் அதே மண்ணில் அடுத்த வருஷமும் உருளையோ, தக்காளியோ, கத்தரியோ, மிளகாயோ வைக்கக் கூடாது. எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றின் வருத்தம் மற்றதுக்கும் தொற்றும். நான் அந்த மண்ணில் இப்போது பயற்றை வைத்திருக்கிறேன்.

இப்போது இந்தக் கடிதத்தின் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். காவலாளி வீட்டுக் கிழங்கு எனக்குக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். வெள்ளவத்தையில், பம்பலப்பிட்டியில், தெஹிவளையில் உள்ள மற்றவர்கள் எங்கே போவார்கள்? சென்ற வருஷம் என் சிநேகிதி ஒருத்திக்காக விதைக் கிழங்கு விற்கிற ஓரிடத்துக்கு நேரில் போனேன். 50 கிலோ மூட்டையாகத்தான் தருவோம் என்றார்கள். அம்மா, எத்தனை ஏக்கர் என்று கேட்டார் அங்கிருந்த தம்பி. எட்டு உரப்பை என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய பண்பு. ஆனால் கிழங்கும் தரவில்லை. சிநேகிதி கடையில் வாங்கிய கறிக் கிழங்கை நட்டாள். மூன்றில் இரண்டு முளைக்கவேயில்லை. நீண்ட நாள் வைத்து விற்கிற கிழங்குக்கு முளைக்காதிருக்க மருந்து தெளிப்பதுண்டு. முளைத்தவையும் தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் திடீரென்று, தண்ணீர் இருக்கத்தக்கதாக, பச்சையாகவே தலை தொங்கின. தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தினால் வெட்டு வாயிலிருந்து பால் மாதிரி நூல் இறங்கியது. பற்றீரியா வாடல். அது கிழங்கோடு வரும், வந்தால் மண்ணை விட்டு லேசில் போகாது. கறிக்கு விற்கிற கிழங்கை யாரும் அதற்காகப் பரிசோதிப்பதில்லை. விதைக் கிழங்கு தேவை என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று எங்களுக்குச் சொல்லாத அரசாங்கம் இல்லை. கத்தரி விதையும் பயற்றை விதையும் சின்னச் சின்னப் பைக்கற்றில் தருகிறவர்கள், பரிசோதித்த விதைக் கிழங்கையும் ஒரு கிலோ, இரண்டு கிலோ வலைப் பைகளில் கட்டி, புரட்டாதிக் கடைசிக்குள் கொழும்பில் விற்றால் என்ன? ஒரு கிலோவில் இருபது கிழங்கு இருக்கும். பத்துப் பைக்குக் காணும். ஐப்பசி முழுக்க முட்டை அட்டையில் இருக்க நேரம் வேண்டும் என்பதால் புரட்டாதி என்கிறேன். கார்த்திகையில் கொண்டுவந்து தந்தால் மறுபடியும் நாங்கள் தைக்குத்தான் போய் நிற்போம். பொறுப்பானவர்களின் கண்ணில் படும்படி இந்தப் பந்தியையாவது வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றதை எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், நீண்டுவிட்டது என்று எனக்கே தெரிகிறது.

இன்னொன்று. உங்கள் வீட்டுத்தோட்டப் பகுதிக்குப் பொறுப்பானவர் மலைநாட்டுக்கும், யாழ்ப்பாணத்துக்கும், கொழும்புக்கும் நடுகைக் காலத்தைத் தனித்தனியாகப் போட்டால் நல்லது. மூன்று இடத்துக்கும் மழை ஒன்றில்லை, பனியும் ஒன்றில்லை. சந்தேகமென்றால் 1920 என்ற விவசாய ஆலோசனை இலக்கம் இருக்கிறது, தமிழிலும் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பி.கு.: குறிப்போடு போட்ட படத்தில் இருப்பது உருளைக்கிழங்குச் செடி இல்லை. இதயம் மாதிரி இலை, நிலத்தில் படர்கிற கொடி. அது வற்றாளை. அதைத் தையிலும் நடலாம்.